மோட்டார்க் கொட்டகையில் ஒரு விளையாட்டுப் பெட்டி

இல்லத்துப் பொருள்களைக் காக்கும் வழிகளைப் பற்றித் திங்கள்தோறும் இப்பகுதியில் எழுதி வருகின்றோம். இத்திங்கள் நாம் எடுத்துக்கொண்ட பொருள் அன்பர்கள் சிலருக்கு வியப்பைத் தரலாம். காசு போட்டு ஆடும் வீடியோ விளையாட்டுப் பெட்டியை மழைக்காலத்து ஈரத்தினின்று காப்பது எங்ஙனம் என்பதே அது. ‘இஃதென்ன, எல்லோர் வீட்டிலும் இருக்கும் பொருளா?’ என்று கேட்பீர்கள். இல்லைதான். ஆயினும், அப்பெட்டிக்கு நேர்வதே பழைய வானொலிக்கும், தையற் பொறிக்கும், ஆர்மோனியத்திற்கும், கூடத்தில் இடமின்றிக் கொட்டகைக்குச் சென்றுவிட்ட மர அலமாரிக்கும் நேர்கின்றது. மரமும் இரும்பும் மின்சாரமும் ஒருங்கே அமைந்த பொருள் ஆதலின், அதனை வைத்துச் சொன்னால் எல்லாவற்றிற்கும் சொன்னதாகும்.

சென்ற ஆனித் திங்களில், சித்தூர் வட்டத்தில் நம் சங்கத்தைச் சார்ந்த குடும்பம் ஒன்றின் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். அவ்வீட்டுப் பெரியவர் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து இளமையிலேயே இங்கு வந்து குடியேறியவர். பேருந்து நிற்குமிடத்தருகே சிறு தேநீர்க் கடை நடத்தினார். தொண்ணூறுகளில் அக்கடையை ஒட்டிய அறையில் இரண்டு வீடியோ விளையாட்டுப் பெட்டிகளை வைத்தார். தேநீரில் வந்தது வயிற்றுக்குச் சரியாயிற்று. பெட்டியில் விழுந்த காசு பெண்கள் இருவரின் படிப்புக்கு ஆயிற்று. காலம் மாறியது. கைப்பேசி வந்தது, பெட்டியின் முன் நின்ற கூட்டம் கலைந்தது. ஒரு பெட்டியை விற்றார். மற்றொன்றை விற்க மனமின்றி வீட்டு மோட்டார்க் கொட்டகையில் நிறுத்தினார். அவர் மறைந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. பெட்டி மட்டும் நிறுத்திய இடத்திலேயே நிற்கின்றது.

நாம் சென்ற அன்று மழை விடாது பெய்துகொண்டிருந்தது. விடுமுறைக்கு வந்திருந்த மகள் வயிற்றுப் பேரன் பெட்டியின் மேல் கிடந்த தார்ப்பாயை இழுத்துவிட்டு, மின்கம்பியைக் கையிலெடுத்து, “அம்மாயி, சுவிட்சைப் போட்டுப் பார்க்கட்டுமா?” என்று கேட்டான். அந்த அம்மையார் பதறிப்போய், “வேண்டாம் கண்ணு, ஈரத்தோட ஒண்ணையும் தொடாதே” என்று தடுத்தார். பின்னர் நம்மைப் பார்த்து, “இரும்புக்காரர் வந்தால் கொடுத்துவிடலாம் என்று மருமகன் சொல்கிறார். அவர் கைபட்ட பொருள் இது ஒன்றுதான் மிச்சம். இதைக் காப்பாற்ற வழி உண்டா?” என்று வினவினார். அவ்வினாவிற்கு விடையாகவே இதனை எழுதுகின்றோம்.

முதலில் பெட்டியைப் பற்றிச் சில சொல்வோம். 1972-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அட்டாரி நிறுவனம் வெளியிட்ட ‘பாங்’ என்னும் ஆட்டமே இத்தொழிலை ஊர் அறியச் செய்தது. 1978-இல் ஜப்பானின் டைட்டோ நிறுவனத்தின் ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’, 1980-இல் நாம்கோவின் ‘பேக்மேன்’, 1991-இல் கேப்காமின் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ என அடுத்தடுத்து வந்தன. நம் நாட்டுச் சிறுவர்கள் பெரிதும் விரும்பி ஆடியது 1993-இல் அதே கேப்காம் வெளியிட்ட ‘கேடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ்’. அதில் வரும் முஸ்தபா என்னும் வீரனின் பெயரால் அதனை ‘முஸ்தபா கேம்’ என்றே அழைத்தனர். அமெரிக்காவில் ராச்செஸ்டர் நகரத்து ஸ்ட்ராங் அருங்காட்சியகம் 2015-இல் வீடியோ விளையாட்டுகளுக்கெனப் புகழ்மன்றம் ஒன்றை நிறுவி, முதலாண்டிலேயே பாங்கையும் பேக்மேனையும் அதில் சேர்த்தது. ஆகவே, நம் அம்மையார் காக்க விரும்பும் பொருளைப் பயனற்ற பொருள் என்று எவரும் இகழ்தல் தகாது.

இனிச் சித்தூரின் காற்றைப் பார்ப்போம். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையே மலைத்தொடர் விலகி நிற்கும் பாலக்காட்டுக் கணவாயின் கீழைப் பகுதியில் இவ்வூர் அமைந்துள்ளது. கேரளத்தின் பிற பகுதிகளை நோக்க இங்கு மழை குறைவு. பனைமரம் நிறைந்த மண். மார்கழி, தை மாதங்களில் கிழக்கிலிருந்து வீசும் வறண்ட காற்று, கொடியில் போட்ட துணியை ஒரு நாழிகையில் உலர்த்திவிடும். பங்குனி, சித்திரையில் வெயில் சுட்டெரிக்கும். இதனைக் கண்டு, ‘நம் ஊர் உலர்ந்த ஊர், பொருள்களுக்கு ஈரத்தால் கேடில்லை’ என்று பலர் எண்ணிவிடுகின்றனர். ஆனால் ஜூன் முதல் நாளையொட்டி இடவப்பாதி தொடங்கிவிட்டால் நிலைமை முற்றும் மாறுகின்றது. ஆடி, ஆவணி வரையில் மேலைக்காற்று கடலின் ஈரத்தைச் சுமந்துகொண்டு அதே கணவாய் வழியே வருகின்றது. பின்னர் ஐப்பசியில் துலாவருஷம் இடி மின்னலோடு வருகின்றது. ஆறு திங்கள் உலர்வதும் ஆறு திங்கள் ஊறுவதுமாக இருப்பதால், மரம் ஒவ்வோராண்டும் சுருங்கி விரிகின்றது. எப்போதும் ஒரே அளவாக ஈரம் உள்ள ஊரைவிட இவ்வாறு மாறி மாறி வரும் ஊரில் இணைப்புகள் விரைவில் தளர்ந்துவிடும்.

காற்றின் ஈரம் எவ்வாறு நீராகின்றது என்பதைச் சிறிது கணக்கிட்டுப் பார்த்தால், செய்யவேண்டுவது யாது என்பது தெளிவாகும். காற்று சூடாக இருக்கும்போது மிகுந்த நீராவியைத் தாங்கும். குளிரும்போது தாங்கும் ஆற்றல் குறையும். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும். 25 டிகிரியில் 23 கிராம்; 20 டிகிரியில் 17 கிராம். மழைநாள் ஒன்றில் காற்று 27 டிகிரியும் ஈரப்பதம் நூற்றுக்கு 85-உம் இருப்பதாகக் கொள்வோம். அக்காற்றில் கன மீட்டருக்கு 22 கிராம் நீர் உள்ளது. இரவில் குளிர்ந்துபோன இரும்புத் தகட்டையோ கண்ணாடியையோ அது தொடும்போது, தகட்டின் வெப்பம் 24 டிகிரியாக இருந்தால் அங்கே நீர் அரும்பத் தொடங்கும். வெளியே ஒரு துளி மழைகூடப் படாத பெட்டிக்குள் காலையில் வியர்வை பூத்திருப்பதன் காரணம் இதுவே. கூரை ஒழுகவில்லை என்பதைக் கொண்டு பொருள் நனையவில்லை என்று முடிவு செய்தல் தவறு.

மோட்டார்க் கொட்டகை வீட்டறையைவிடக் கேடானது ஏன்? அதன் சுவர் மெல்லியது. கூரை பெரும்பாலும் தகரம். பகலில் விரைவில் சூடாகி இரவில் விரைவில் குளிர்கின்றது. தரையில் போட்ட சிமெண்டு மண்ணின் ஈரத்தை மேலே இழுக்கின்றது. மழையில் நனைந்த வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திக் கதவைச் சாத்தினால், அதிலிருந்து வடியும் நீர் எல்லாம் ஆவியாகி உள்ளேயே தங்குகின்றது. சமையலின் சூடும் மக்கள் நடமாட்டமும் அங்கு இல்லை. ஆதலின் வீட்டிற்குள் பத்தாண்டு இருக்கும் பொருள் கொட்டகையில் மூன்றாண்டிலேயே பாழாகின்றது.

அந்த ஈரம் பெட்டியை என்ன செய்கின்றது? அடிப்பக்கத்திலிருந்து தொடங்குவோம். இத்தகைய பெட்டிகள் பலவும் ஒட்டுப்பலகையாலோ, மரத்தூளைப் பசையிட்டு அழுத்திய பலகையாலோ ஆனவை. காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 50 என்றிருந்தால் மரம் தன் எடையில் நூற்றுக்கு 9 பங்கு நீரை வைத்துக்கொள்ளும். ஈரப்பதம் 80 ஆனால் அது 16 பங்காக உயரும். நல்ல மரம் விரிந்தாலும் உலர்ந்தபின் பெரும்பாலும் பழைய நிலைக்கு வரும். மரத்தூள் பலகை அவ்வாறன்று. ஒருமுறை ஊதிவிட்டால் உலர்ந்தாலும் ஊதியது ஊதியதே. பிட்டுப்போல் உதிரத் தொடங்கும். நாம் கண்ட பெட்டியின் அடிப்பலகை நான்கு விரற்கடை உயரத்திற்கு இவ்வாறுதான் ஊதிக் கிடந்தது.

அடுத்தது இரும்பு. காசு போடும் கதவு, பூட்டு, திருகாணி, ஒலிபெருக்கியின் சட்டம் ஆகியவை துருப்பிடிக்கின்றன. மூன்றாவது பூஞ்சணம். காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 70-க்கு மேல் நாட்கணக்கில் நின்றால் மரத்திலும், துணியிலும், பக்கங்களில் ஒட்டிய வண்ணப் படங்களின் பசையிலும் அது படர்கின்றது. நான்காவது, நம் நாட்டிற்கே உரிய கேடு: ஈர மரத்தைக் கரையான் தேடி வரும், இருண்ட பெட்டிக்குள் எலி குடும்பம் நடத்தும்.

எல்லாவற்றிலும் பெரியது மின்சாரப் பகுதிக்கு நேரும் கேடு. ஆட்டத்தின் உயிர் அடங்கியிருக்கும் சர்க்யூட் போர்டைப் பெட்டியின் கம்பிகளோடு இணைக்கும் செப்புப் பற்கள் ஈரத்தால் களிம்பேறுகின்றன. சில போர்டுகளில் சிறு பாட்டரி ஒன்று பற்றவைக்கப்பட்டிருக்கும். நாட்பட்டால் அது கசிந்து, அரிக்கும் நீரைக் கக்கிச் சுற்றியுள்ள செப்புக் கோடுகளைத் தின்றுவிடும். கேப்காம் நிறுவனம் 1993 முதல் வெளியிட்ட ஒருவகைப் போர்டில் ஆட்டத்தைத் திறக்கும் மறைகுறி பாட்டரியின் ஆற்றலால்தான் நிலைத்திருந்தது. பாட்டரி தீர்ந்ததும் ஆட்டமே மறைந்துவிடும். எல்லாப் பெட்டிகளிலும் இவ்வகை இல்லை. எனினும், உங்கள் போர்டில் பாட்டரி உண்டா என்று அறிந்த ஒருவரைக் கொண்டு பார்ப்பது நன்று. கண்ணாடிப் படக்குழலின் பின்புறம் 20,000 வோல்ட்டு அளவில் மின்னழுத்தம் செல்கின்றது. தூசியும் ஈரமும் சேர்ந்த இடத்தில் அது வழிதப்பிப் பாய்ந்தால் பொறி பறக்கும். படக்குழல் செய்யும் தொழிற்சாலைகள் ஏறத்தாழ மறைந்துவிட்ட இந்நாளில் ஒரு குழல் போய்விட்டால் மற்றொன்று கிடைப்பது அரிது.

நம் முன்னோர் இவ்வீரத்தோடு காலங்காலமாகப் போராடியவர்களே. கொங்கு நாட்டு வீடுகளில் நெல்லைக் கொட்டிவைக்கும் குதிரை வெறுந்தரையில் வைத்ததில்லை. கல்லோ கட்டையோ கொடுத்து உயர்த்தியே வைத்தனர். கேரளத்து வீடுகளின் பத்தாயமும் அவ்வாறே தரையைத் தொடாது நிற்கும். விதையையும் கயிற்றையும் அடுப்புக்கு மேலே பரணில் வைத்தனர். அடுப்பின் சூடு அவற்றை ஆண்டு முழுதும் உலர்த்தியது. ஓலைச்சுவடிகளை மரச்சட்டத்திடையே இறுகக் கட்டி, துணியில் சுற்றி, வசம்பும் வேப்பிலையும் இட்டு, அவ்வப்போது எடுத்துத் தட்டி வைத்தனர். அவ்வாறு எடுத்துப் பாராத சுவடிகள் என்ன ஆயின என்பதை உ. வே. சாமிநாதையரின் சுவடித் தேட்டத்தைப் பற்றிப் படித்தவர்கள் அறிவர். இச்சித்தூரிலேயே தெற்கு கிராமத்துக் குருமடத்தில் துஞ்சத்து எழுத்தச்சனின் நினைவாக எழுத்தாணியும் சுவடிகளும் போற்றப்படுகின்றன. தரையினின்று உயர்த்துதல், சிறிது சூடு, காற்றோட்டம், அடிக்கடி எடுத்துப் பார்த்தல் ஆகிய நான்கையும் விளையாட்டுப் பெட்டிக்கும் பொருத்துவதே நாம் இனிக் கூறப்போவது.

முதலாவது, தரையைச் சோதியுங்கள். ஒரு முழச் சதுரமான பிளாஸ்டிக் தாளைத் தரையில் விரித்து, நான்கு ஓரங்களையும் ஒட்டுத்தாளால் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். மறுநாள் தாளின் அடியில் நீர்த்துளி அரும்பியிருந்தாலோ, சிமெண்டு கறுத்திருந்தாலோ மண்ணின் ஈரம் மேலேறுகின்றது என்பது தெளிவு. அத்தகைய தரையில் தடித்த பாலித்தீன் விரிப்பைப் போட்டு, அதன்மேல் மரச்சட்டங்களை அடுக்கி, அவற்றின்மேல் பெட்டியை நிறுத்துக. தரைக்கும் பெட்டிக்கும் இடையே நான்கு விரல் இடைவெளியேனும் வேண்டும். வெள்ளம் வரும் தாழ்ந்த இடமாயின் இன்னும் உயர்த்துக. 2018 ஆகஸ்டு வெள்ளத்தை நாம் மறக்கலாகாது. சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிறுத்துக. மரச்சட்டத்தில் கரையான் ஏறாதபடி மருந்து பூசுக. எல்லாப் பக்கமும் வெளியே தெரிந்தால், கரையான் மண் பூசிக்கொண்டு ஏறும் வழி கண்ணுக்குத் தப்பாது.

இரண்டாவது, போர்வை. இங்கேதான் நம்மில் பலரும் தவறுகின்றோம். மழைக்கு அஞ்சித் தார்ப்பாயாலும் பிளாஸ்டிக் தாளாலும் பெட்டியை இறுகச் சுற்றுகின்றோம். உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியின்றி இரவில் நீராகிப் பெட்டியின் மேலேயே வடிகின்றது. பிறரைக் குறை கூறுவானேன்? நம் தந்தையார் காலத்து வால்வு வானொலி ஒன்றை நாமே இவ்வாறு சுற்றிவைத்து இரண்டு மழைக்காலத்தில் அதன் மேற்பலகையை உரித்துப்போட்டோம். அவ்வானொலி நாள்தோறும் பாடிக்கொண்டிருந்த நாளில் அதன் வால்வுகளின் சூடே அதனைக் காத்தது என்பது பின்னரே நமக்கு விளங்கிற்று. ஆதலின் பழைய பருத்தி வேட்டியோ படுக்கை விரிப்போ போர்த்துக. அது தூசியைத் தடுக்கும், காற்றை விடும். கூரை ஒழுகுமாயின் கூரையைச் செப்பனிடுக. அது முடியும் வரை தார்ப்பாயைப் பெட்டியைத் தொடாமல் பந்தல்போல் மேலே கட்டுக.

மூன்றாவது, காற்று. எந்நேரமும் கதவைத் திறந்துவைத்தல் நன்று என்று எண்ணற்க. மழை கொட்டும்போது வெளிக்காற்றே ஈரமாக இருக்கும். அதனை உள்ளே விடுவதால் பயனில்லை. வெயில் அடித்து வெளிக்காற்று உலர்ந்திருக்கும் நேரத்தில் திறந்து, மாலையில் மூடுக. கடைகளில் சிறிய ஈரமானி கிடைக்கின்றது. பெட்டிக்குள் ஒன்றும் வெளியே ஒன்றும் வைத்தால் திறப்பதா மூடுவதா என்பதை எண்ணே சொல்லிவிடும். உள்ளே நூற்றுக்கு 45 முதல் 60 வரை நிற்பது நன்று. மார்கழி, தையில் வீசும் வறண்ட காற்றை வீணாக்காமல், பெட்டியின் பின்கதவைத் திறந்துவைத்து நன்றாக உலரவிடுக. நனைந்த வண்டியை அக்காலத்தில் வெளித்தாழ்வாரத்தில் நிறுத்துக.

நான்காவது, ஈரம் உறிஞ்சும் பொருள்கள். காலணிப் பெட்டியில் வரும் சிறு பொட்டலம் ஒன்றைப் போட்டுவிட்டு நிம்மதியடைவோர் உளர். கணக்கைப் பாருங்கள். மூன்று மீட்டர் அகலமும் ஐந்து மீட்டர் நீளமும் மூன்று மீட்டர் உயரமும் உள்ள கொட்டகையின் காற்றில், நாம் முன்னர்க் கூறிய மழைநாளில், ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் ஆவியாக இருக்கின்றது. நூறு கிராம் சிலிகா ஜெல் உறிஞ்சுவது முப்பது கிராம் அளவே. கதவை ஒருமுறை திறந்தால் உறிஞ்சியது மீண்டும் வந்து நிறைந்துவிடும். ஆகவே கொட்டகை முழுமைக்கும் சிலிகா ஜெல் போடுவது ஆற்றில் கரைத்த பெருங்காயமே. ஆனால், சர்க்யூட் போர்டைத் தனியே கழற்றி, காற்றுப்புகாத மூடியுள்ள டப்பாவில் ஐம்பது கிராம் சிலிகா ஜெல்லோடு வைத்தால் அது சிறந்த காவல். பெட்டியின் எஞ்சிய பாகம் போனாலும் ஆட்டம் பிழைக்கும். போர்டைச் சாதாரணப் பிளாஸ்டிக் பையில் இடாமல், அதற்கென உள்ள நிலைமின் தடுக்கும் பையில் இடுக. ஈரமேறினால் நிறம் மாறும் மணிகளாகப் பார்த்து வாங்கினால், மாறியபின் 120 டிகிரி அளவில் அடுப்பில் சூடாக்கி மீண்டும் பயன்படுத்தலாம். நீலநிற மணியில் கோபால்ட்டு உப்பு இருப்பதால் ஆரஞ்சு நிறத்தது மேல்.

கால்சியம் குளோரைடு என்னும் உப்பு வெகுவாக நீரை ஈர்க்கும். ஆனால் ஈர்த்தபின் தானே உப்புநீராகக் கரைந்து வழியும். அந்நீர் இரும்பை அரிக்கும். ஆதலின் அதனைப் பெட்டிக்குள் வைக்கவே கூடாது. சுட்ட சுண்ணாம்புக் கல்லை வைக்கும் வழக்கமும் உண்டு. அது நீர் பட்டால் கொதித்துச் சூடாகும். குழந்தைகளின் கண்ணுக்குத் தீங்கு. குழந்தைகள் உள்ள வீட்டில் அதனை விலக்குக.

ஐந்தாவது, சிறு சூடு. முன் சொன்ன 27 டிகிரி, 85 விழுக்காட்டுக் காற்றைப் பெட்டிக்குள் 32 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதம் 65 விழுக்காடாக இறங்கிவிடும். ஒரு துளி நீரையும் நீக்காமலே இப்பயன் கிடைக்கின்றது. பியானோப் பெட்டிகளுக்குள் குறைந்த சூடு தரும் தண்டு வைப்பது இதனாலேயே. ஆயினும், மரப்பெட்டிக்குள் சாதாரண விளக்கை எரியவிட்டு வெளியூர் சென்றுவிடுதல் தீவிபத்திற்கு வழி. அதற்கெனச் செய்த சூட்டுத் தண்டு கிடைத்தால் மட்டும் மின்பணியாளரைக் கொண்டு பொருத்துக. பொருள் பல உள்ளவர்கள் மின்சாரத்தால் இயங்கும் ஈரம் நீக்கும் கருவியை வாங்கலாம். அது கதவு மூடிய அறையிலேயே பயன் தரும்; திறந்த கொட்டகையில் ஓட்டினால் மின்கட்டணமே மிஞ்சும்.

ஆறாவது, பூச்சு. அடிப்பலகையின் வெட்டுமுகங்களே நீரை மிகுதியாகக் குடிப்பவை. வறண்ட காலத்தில், மரம் நன்கு உலர்ந்தபின், அவ்விளிம்புகளுக்கு இரண்டு மூன்று கை வார்னிஷ் பூசுக. ஈரமாக இருக்கும்போது பூசினால் ஈரத்தை உள்ளே அடைத்ததாகும். காசுக்கதவிற்கும் பூட்டிற்கும் தையற்பொறி எண்ணெயை மெல்லத் துணியால் தடவுக. செப்புப் பற்களை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சினால் துடைக்கலாம். மின்கம்பியை எப்போதும் பிடுங்கியே வைக்கவும்; துலாவருஷத்து இடிக்கு அதுவே காப்பு.

இடுக்கிப் பக்கத்து அன்பர்களுக்கு ஒரு சொல். மூணாறு, தேவிகுளம், பீர்மேடு முதலிய மலையூர்களில் வறண்ட திங்கள் குறைவு. பனிமூட்டம் வீட்டிற்குள்ளேயே நுழையும். அங்கே கொட்டகையில் வைத்துக் காப்பது கடினம். பெட்டியையோ, இயலாவிடில் போர்டையும் படக்குழல் பகுதியையுமாவது, அடுப்பங்கரையை ஒட்டிய உட்சுவர் அறைக்குள் கொண்டுவருதலே ஏற்றது.

ஈரத்தில் ஏற்கெனவே நின்றுவிட்ட பெட்டியை என்ன செய்வது? முதல் விதியும் முடிவான விதியும் ஒன்றே: சுவிட்சைப் போடாதீர்கள். ‘ஓடுகிறதா என்று ஒருமுறை பார்ப்போம்’ என்னும் ஆவலே பெட்டியையும் சில வேளைகளில் ஆளையும் போக்குவது. ஈரத்தால் மின்கசிவு உள்ள பெட்டியில் நிலத்தொடுப்புக் கம்பியும் இல்லையெனில், காசுக்கதவைத் தொட்ட கைக்கு அதிர்ச்சி நேரும். சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு நிற்கும் சிறுவனுக்கு அது உயிரோடு விளையாட்டாகும். பின்கதவைத் திறந்து நீங்களே கைவிடவும் வேண்டா. மின்கம்பியைப் பிடுங்கிய பின்னும் படக்குழலில் மின்சாரம் தேங்கி நிற்கக்கூடும். பழைய தொலைக்காட்சி பழுது பார்த்த அனுபவம் உள்ள மெக்கானிக்கை அழைத்து, அதனை முறைப்படி இறக்கச் சொல்லுங்கள். பின்னர் நிழலில், காற்றோட்டத்தில், நாட்கணக்கில் உலரவிடுங்கள். வெயிலில் போட்டால் பலகை கோணும்; படம் உரியும். பூஞ்சணத்தை வீட்டிற்கு வெளியே, மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு துடையுங்கள். மீண்டும் ஓட்டும் நாளில் மூன்று முனைப் பிளக்கும், மின்கசிந்தால் தானே அணையும் ஆர்.சி.சி.பி. என்னும் காப்புச் சாதனமும் இருத்தல் இன்றியமையாதது.

நாம் கண்ட குடும்பத்தின் செய்தியையும் கூறிவிடுவோம். இரும்புக்காரருக்குக் கொடுப்பதில்லை என்று மழை விட்ட பிறகு முடிவு செய்தனர். மெக்கானிக் ஒருவர் பின்கதவைத் திறந்தார். உள்ளே எலிக்கூடு இருந்தது. மின்சாரம் வரும் கம்பியின் உறையை எலி கடித்து, செப்புக்கம்பி வெளியே தெரிந்தது. அது ஈரமேறிய பலகையைத் தொட்டுக்கொண்டு, காசுக்கதவின் இரும்புச் சட்டத்தருகே கிடந்தது. அதனைக் கண்ட அம்மையார் பேரனைத் தம் பக்கம் இழுத்து நிறுத்திக்கொண்டார். ஒன்றும் பேசவில்லை. அன்று அவர் தடுக்காதிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதை அங்கிருந்தோர் யாவரும் உணர்ந்தனர்.

தச்சர் ஊதிய அடிப்பலகையை அறுத்தெடுத்துப் புதிய ஒட்டுப்பலகை வைத்தார். கம்பிகள் மாற்றப்பெற்றன. போர்டைத் துடைத்து மூடி போட்ட டப்பாவில் தனியே வைத்துள்ளனர். பெட்டியின் உட்புறத்தே, பெரியவர் தம் கையால் நாள்வாரியாகக் காசுக்கணக்கு எழுதிய தாள் ஒன்று ஒட்டியிருந்தது. பாதி பூஞ்சணத்தால் அழிந்துவிட்டது. மீதிப் பாதியில் மூத்த மகளின் கல்லூரிக் கட்டணத்திற்கென ஒதுக்கிய தொகைகள் தெரிந்தன. அதனை அம்மகளே எடுத்துக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு வைத்திருக்கின்றார். சென்ற வாரம் பெட்டியை ஓட்டிப் பார்த்தனர். படம் தெரிகின்றது, ஒலி இன்னும் வரவில்லை.

பிறந்த ஊரை விட்டு வந்த நம்மவர் இல்லங்களில் இவ்வாறு கொட்டகையிலும் பரணிலும் நிற்கும் பொருள்கள் பல. வந்த இடத்தில் வேரூன்ற நம் பெற்றோர் பட்ட பாட்டிற்கு அவையே சான்று. அவற்றை வைத்துக்கொள்வதா விடுவதா என்பது அவரவர் மனத்தைப் பொறுத்தது. ஆனால் முடிவு செய்யும் முன்னரே மழை அம்முடிவைச் செய்துவிட விடலாகாது. இவ்விதழ் கைக்கு வந்ததும் கொட்டகைக்குச் சென்று தார்ப்பாயை நீக்கிப் பாருங்கள். தரையில் ஒரு முழத் தாளை ஒட்டிப் பாருங்கள். பிள்ளைகள் மின்கம்பியைத் தொடாதபடி அதனைச் சுருட்டி உயரே கட்டுங்கள். எஞ்சியவற்றை வறண்ட காற்று வரும் திங்களில் செய்துகொள்ளலாம்.